கலயம் தீர்வதற்குள்

பயறு விஷயத்தில் என்னை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான், ஆனால் பொய்யில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் போதும், எந்தப் பக்கத்து மண்ணில் விளைந்தது, எந்த மழையில் நனைந்தது, அடுப்பில் வைத்தால் சொன்னபடி வேகுமா, சண்டித்தனம் பண்ணுமா, எல்லாம் சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு விளாங்குடியில் மாடி வீடு, சொந்தமாகப் பயறு மண்டி, நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்க ஆள்கள். யாரும் என்னைத் தூக்கி விட்டதில்லை. நான்தான் மூட்டை தூக்கினேன்.

அப்பேர்ப்பட்டவனிடம் போன சனிக்கிழமை மருமகள் வந்து கேட்டாள்.

“மாமா, நம்ம கடையில புள்ளி போட்ட ராஜ்மா இருக்கா?”

“சித்ரா ராஜ்மாவா? எம்புட்டு வேணும்? மூட்டையா அனுப்பச் சொல்லவா?”

“ஐயோ மாமா, கால் கிலோ போதும்.”

மருமகள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த அலுப்புத் தீர, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு தேசத்தை எடுத்துச் சமைத்துப் பார்ப்பாள். போன மாதம் ஒரு நாட்டுப் பண்டம் வைத்தாள். அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையவில்லை, பண்டம் மட்டும் நுழைந்தது. இந்த வாரம் மெக்சிகோவாம். பயற்றை வேகவைத்து மசித்து, மறுபடியும் சட்டியில் போட்டு வறுப்பது. டப்பாவில் அடைத்தே விற்கிறார்கள், ஆனால் வீட்டில் ஊறப்போட்டுச் செய்தால்தான் ருசி என்று போனில் பார்த்து வைத்திருக்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷம். டப்பாவில் வாங்கித் தின்கிற வீட்டுக்கு மண்டிக்காரன் எதற்கு?

மறுநாள் குக்கர் அடங்கி, மூடியைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “மாமா, ஒரிஜினலா செய்யணும்னா இதைப் பன்றிக் கொழுப்புலதான் வறுக்கணுமாம். நாம நெய் ஊத்திக்கலாம், சரியா?”

“சாப்பாட்டு நேரத்துல என்ன பேச்சுப் பேசுற?” என்று என் மகன் முகத்தைச் சுளித்தான். அவன் பிறந்தபோதே வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. அவனுக்கு என்ன தெரியும்?

“நெய் சேராதும்மா,” என்றேன்.

“ஏன் மாமா?”

“மணம் வேற.”

அவள் சிரித்தாள், நான் ஏதோ கேலி பேசுகிறேன் என்று. சட்டி காய்ந்தது. வெங்காயம் விழுந்தது, பூண்டு விழுந்தது, பின்னால் ஈரத்தோடு அந்த மசியலும் விழுந்தது. சுர்ரென்று ஒரு சத்தம் எழுந்து வீட்டை நிறைத்தது. நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். மிளகாய் நெடி ஏறிவிட்டது போல என்று மகன் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

அந்தச் சத்தத்தை நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஓர் ஆடி மாதத்தில் அன்றாடம் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது வேறு மாதிரித்தான் கேட்டது.

அப்போது நாங்கள் பரவைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் ஒதுங்கிக் கிடந்த ஒரே ஒரு தெருவில் இருந்தோம். எங்களுக்கென்று சாண் நிலம் கிடையாது. நெல் அறுத்தால் நெல் கூலி, மொச்சை பறித்தால் மொச்சை கூலி. அதனால் எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, மொச்சை இல்லாத நாள் கிடையாது. அம்மா மொச்சையை ஊறவைத்து, பானையில் குழைய அவித்து, மத்தால் கடைவாள். அது வெறும் கடைசல். அதை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தால்தான் பண்டம். அதற்குக் கொழுப்பு வேண்டும்.

கொழுப்பு அய்யாவின், அதாவது என் அப்பாவின், இலாகா. பொங்கலுக்குத் தெருவே சேர்ந்து ஒரு பன்றி போடும். பங்கு பிரிக்கும்போது மற்றவர்கள் கறியைப் பார்ப்பார்கள். அய்யா கொழுப்பைப் பார்ப்பார். “கறி அன்னைக்கோட போயிரும், இது வருசத்துக்கும் பேசும்” என்பார். வெள்ளைக் கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, அவசரமில்லாத தீயில் உருக்குவார். தண்ணீர் வற்றி, உருகியது தெளிந்து, துண்டுகள் பொன்னிறமாகச் சுருங்கி மேலே மிதக்கும். அந்த முறுகலை அரித்து என் கையில் கொடுப்பார். சூட்டில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றித் தின்பேன். தெளிவை ஒரு மண் கலயத்தில் ஊற்றி, துணியால் வேடுகட்டி, உறியில் தூக்கி வைத்துவிடுவார்.

அந்த வருசம் பொங்கல் முடிந்ததும் அய்யாவும் சித்தப்பாவும் மேற்கே மலைத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பினார்கள். ஐப்பசி மழைக்குத் திரும்பிவிடுவதாகப் பேச்சு. கிளம்புகிற அன்று காலையில் அய்யா உறியை இறக்கி, துணியை விலக்கிக் காட்டினார். கலயம் கழுத்து வரைக்கும் வெண்ணெய் போல உறைந்திருந்தது.

“வாரத்துக்கு ஒரு நா வறு. இந்தக் கலயம் தீர்றதுக்குள்ள வந்துருவேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். “இந்த வாய்க்கு மாசியைத் தாண்டாது. வெறுங் கலயத்தைத்தான் வந்து பாப்பீக.”

“அப்ப மாசியிலயே வந்துருறேன்,” என்றார் அய்யா.

சித்தப்பா வாசலில் நின்று சிரித்தார். “மதினி, அண்ணனைப் போகவிடாம பண்ணணும்னா இன்னைக்கே தீத்துருங்க.”

அம்மா தீர்க்கவில்லை. சொன்ன சொல்லுக்கு வாரம் ஒரு நாள்தான் வறுத்தாள். நான் எவ்வளவு அழுதாலும் மற்ற நாளில் வெறும் கடைசல்தான். வறுக்கிற அன்று எனக்குத் திருவிழா. சட்டியில் கொழுப்பு உருகி, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் விழுந்து, அதன் மேல் கடைசல் விழும்போது எழுகிற சுர்ர்… அடுத்த வீட்டு நாய்கூட எழுந்து நிற்கும். அகப்பையால் புரட்டிப் புரட்டி, சட்டியை விட்டுக் கடைசல் தானாக விலகி வரும் வரைக்கும் அம்மா விடமாட்டாள். கடைசியில் சட்டியடியில் ஒரு பொருக்கு நிற்கும். அய்யா இருந்தால் அதற்கு எனக்கும் அவருக்கும் சண்டை வரும். அய்யா இல்லாததில் எனக்கு வந்த ஒரே லாபம் அந்தப் பொருக்கு. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

ஆடியில் ஒரு நாள் உச்சி வெயிலில் சித்தப்பா மட்டும் வந்தார். காலில் கட்டு, ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு. வாசலில் கிடந்த உரலில் உட்கார்ந்தார். எதிர் வீட்டிலிருந்து அத்தை ஓடி வந்தாள். அத்தை என்றால் அய்யாவின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் தெருவிலேயே வாக்கப்பட்டவள். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர்.

மலையில் விடாத மழை. கூலியாட்கள் படுத்திருந்த கொட்டகை மேல் மண் சரிந்து விழுந்திருக்கிறது. சித்தப்பா கீழே கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாராம். மேலே ஓடிப் போய்ப் பார்த்தபோது கொட்டகை இருந்த இடமே இல்லை. தோண்டியதில் சிலர் கிடைத்தார்கள். அய்யா கிடைக்கவில்லை. தோண்டப் போய்த்தான் சித்தப்பாவுக்குக் காலில் அடி.

அத்தை வாயைத் திறந்து அலறப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருத்தா,” என்றவள் சித்தப்பா பக்கம் திரும்பினாள். “நீங்க பாத்தீகளா?”

“மதினி…”

“உங்க அண்ணனைப் பாத்தீகளா? கையால தொட்டீகளா?”

சித்தப்பா இல்லையென்று தலையாட்டினார்.

“அப்ப அவுக வேற எங்கிட்டாச்சும் போயிருப்பாக. வருவாக.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும் வரைக்கும் சட்டி காயக்கூடாது. கஞ்சி காய்ச்சலாம், பயறு அவிக்கலாம். தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. அந்த வீட்டிலிருந்து சுர்ரென்ற சத்தம் வெளியே கேட்டால் அங்கே துக்கம் இல்லை என்று பொருள். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எங்கள் தெருவில் காது இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு விவரம் தெரிந்து எங்கள் வீட்டில் சாவு விழுந்ததில்லை.

அன்று வாராவாரம் வறுக்கிற நாளில்லை. ஆனாலும் அம்மா உறியிலிருந்து கலயத்தை இறக்கினாள். காலையில் அவித்த மொச்சையைக் கடைந்து, சட்டியைக் காயவைத்து, ஓர் அகப்பை நிறைய எடுத்துப் போட்டாள். சுர்ர் என்று எழுந்த சத்தத்தில் வாசலில் கூடியிருந்த சனம் அடுப்படியை எட்டிப் பார்த்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் எங்கள் வீட்டையே பார்க்கிறார்கள், ஆனால் பொருக்கு எனக்கு மட்டும்தான் என்று அத்தனை பெருமை.

மறுநாளும் வறுத்தாள். அதற்கு மறுநாளும். காலையில் வயலுக்குப் போவதற்கு முன் ஒரு தரம் என்றால், சில நாள் பொழுது சாய வந்தும் ஒரு தரம். மீந்த கடைசலையே மறுபடி சட்டியில் போட்டு, மறுபடி சுர்ரென்று எழுப்புவாள். எனக்குக் கொண்டாட்டம். அய்யா சீக்கிரம் வரப்போகிறார், அதனால்தான் அம்மா கலயத்தைத் தாராளமாகத் திறக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். வறுக்கும்போது அம்மா கதவைத் திறந்து வைத்திருப்பாள். புகை போகத்தான் என்று நினைத்தேன்.

அத்தை வீட்டில் அதே நாள்களில் கஞ்சி மட்டும். அவள் தலை சீவவில்லை, பூ வைக்கவில்லை. ஒரு நாள் நான் வறுத்த மொச்சையை உருண்டை பிடித்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். முன்பு என் கையிலிருந்து பறித்துத் தின்பவள் அவள். இப்போது உருண்டையையும் என்னையும் பார்த்துவிட்டு எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் பின்னாலேயே வந்தேன். அம்மா அடுப்பைவிட்டு எழவில்லை.

“மதினி, அடுப்பை அமத்துங்க. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும்னுதான் வறுக்கேன்.”

“நாலு பேரு என்ன பேசுறாகன்னு தெரியுமா? புருசன் போன அன்னைக்கே சட்டி காஞ்சுச்சுங்காக.”

“புருசன் போகலத்தா. போனாத்தான பேசணும்.”

அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நீங்க நம்புங்க மதினி, நான் வேணாங்கல. ஆனா எனக்கு நெஞ்சு வெடிக்குது. எங்க அண்ணனுக்கு ஒரு வாய் விட்டு அழ விடமாட்டேங்கிறீகளே. நீங்க இங்க வறுக்குற வரைக்கும் நான் அங்க எப்புடி மாரடிப்பேன்?”

அம்மா புரட்டுவதை நிறுத்தினாள். சட்டி அடிப்பிடிக்கிற வாடை வந்தது. “உசுரோட இருக்கிற மனுசனுக்கு அழுகக்கூடாதுத்தா,” என்றாள் மெதுவாக. பிறகு மறுபடி புரட்ட ஆரம்பித்தாள். அத்தை எழுந்து போனாள். கையில் இருந்த உருண்டையை நானே தின்றேன்.

இதையெல்லாம் நான் இன்றைக்குத் திரும்ப நினைத்துப் பார்க்கும்போது, அம்மா மாட்டிக்கொண்டிருந்த இடம் எனக்குத் தெரிகிறது. அய்யா உயிரோடு இருக்கிறார் என்று தெருவுக்குச் சொல்லவேண்டுமானால் அன்றாடம் வறுக்கவேண்டும். அன்றாடம் வறுத்தால் கலயம் தீரும். கலயம் தீர்வதற்குள் வந்துவிடுவேன் என்பதுதான் அவர் கடைசியாகச் சொல்லிப்போன சொல். வறுத்தாலும் அவர் போவார், வறுக்காவிட்டாலும் போவார். மண்டியில் எத்தனையோ சிக்கலான கணக்கை வாயாலேயே தீர்த்து வைத்திருக்கிறேன். இது எனக்குப் பிடிபடவே இல்லை.

அவள் கொழுப்பைக் குறைக்க ஆரம்பித்தாள். அகப்பை நிறைய என்றிருந்தது அரை அகப்பையானது. பிறகு விரல் நுனியில் எடுத்துச் சட்டியில் தடவுகிற அளவானது. சத்தம் மெலிந்தது. அதனால் சட்டியைப் புகை வருமளவுக்குக் காயவைத்து, கடைசலைக் கொஞ்சம் தண்ணீராகவே ஊற்றுவாள். சத்தம் அப்போதும் பெரிதாகத்தான் கேட்கும், ருசிதான் போயிற்று. “கொழுப்பே இல்ல, நல்லா இல்ல,” என்று நான் சிணுங்குவேன். “இருக்கு, தின்னு,” என்பாள்.

கடலை எண்ணெய் வேண்டுமென்று கேட்டிருந்தால் யார் வீட்டிலும் ஒரு கரண்டி கொடுத்திருப்பார்கள். எண்ணெயும் காய்ந்தால் அதே சத்தம்தான் போடும். அம்மா யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில், கலயத்துக்குள் சுடுதண்ணீர் ஊற்றிச் சுழற்றினாள். ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் கண் கண்ணாக மேலே மிதந்தது. அதை அப்படியே சட்டியில் கொட்டினாள். கொழுப்பு காய்கிற சுர் இல்லை அது. வெறும் தண்ணீர் கொதிக்கிற சத்தம். அம்மா சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் சுண்டி, சட்டி வெறுமையாகக் காய்ந்து, சிவக்கத் தொடங்கிய பிறகுதான் இறக்கி வைத்தாள்.

கலயத்தை எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவினாள். அந்தக் கையை என் தலையில் தேய்த்தாள். எண்ணெய் வைக்கிறாள் என்று நினைத்தேன். கலயத்தைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். பானையிலிருந்து அவித்த மொச்சையை, கடையாமல்கூட, அப்படியே என் தட்டில் போட்டாள். உப்பும் இல்லை.

“வறுக்கலயா?”

“இனி வேணாம்ப்பா. தின்னு.”

கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தட்டோடு தெருவுக்கு வந்தேன். எதிரே அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சித்தப்பா காலை நீட்டிப் படுத்திருந்தார். வேலையில்லாத நாள் என்பதால் பெண்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பற்றிப் புகார் சொல்ல அத்தையைவிட்டால் எனக்கு வேறு யார்? அவள் முன்னால் தட்டை நீட்டினேன்.

“இங்க பாரு அத்தை. எங்க வீட்டுல இன்னைக்கு வறுக்கல.”

அத்தையின் கை நின்றது. “என்னடா சொன்ன?”

“வறுக்கல. அம்மா கலயத்தைக் கவுத்துட்டாக. இனிமே வறுக்கவே மாட்டாகளாம்.”

அத்தை சாத்திக்கிடந்த எங்கள் கதவைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவி, அரிசி மண்ணில் சிதறியது. “எங்கண்ணே…!” என்று அவள் போட்ட கூப்பாட்டில் வேப்பமரத்துக் காகமெல்லாம் எழுந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மாவின் குரல் உள்ளேயிருந்து அதோடு சேர்ந்தது. அம்மா அப்படி அழுது நான் கேட்டதில்லை. சித்தப்பா எழ முடியாமல் மண்ணில் அடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் எல்லாம் தலையை அவிழ்த்துப்போட்டபடி எங்கள் வீட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்களில் ஒருத்தி என்னைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னொருத்தி என் முகத்தைத் துடைத்துவிட்டு, “ஐயோ, இந்தப் பிள்ளை என்ன பண்ணும்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் திகைத்துப் போனேன். மொச்சையை வறுக்காமல் கொடுத்தது தப்புதான், ஆனால் அது இத்தனை பெரிய தப்பென்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒரு பிள்ளைக்காகத் தெருவே வந்து அழுகிறது. எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்காகவும் இப்படி யாரும் அழுததில்லை. அழ நினைத்திருந்தவன் அழுகையை அடக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.